ஒரே வேக டிரிம்மருக்கு வேகக் கட்டுப்பாடு: வழிகளும் வரம்புகளும்

பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டும் தச்சரிடம் டிரிம்மர் இல்லாமல் இருக்காது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உடல், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை, 6 மி.மீ. தண்டுள்ள பிட், ஒரே ஒரு சுவிட்ச். மகிட்டா 3709 என்றால் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று. பாஷ் ஜிஎம்ஆர் 1 என்றால் 550 வாட், 33,000 சுற்று. சுவிட்சைப் போட்டால் இந்த வேகம் வரும், அணைத்தால் நிற்கும். இடைப்பட்ட வேகம் எதுவும் கிடையாது.

சன்மைக்கா ஓரம் வெட்டும் வரை இது ஒரு குறையாகத் தெரிவதில்லை. அதே எந்திரத்தால் தேக்குச் சட்டத்துக்கு விளிம்பு உருட்டும்போதும், அக்ரிலிக் பலகையில் எழுத்து வெட்டும்போதும், கணினி ஓட்டும் சிறிய சிஎன்சி மேசையில் பூட்டி அலுமினியம் குடையும்போதும்தான் வேகத்தைக் குறைக்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. 'ஒரு ரெகுலேட்டர் வைத்தால் போதாதா?' என்பது அடுத்த கேள்வி. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சர்க்யூட் பலகைகள் போதும் என்றே சொல்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரிம்மரின் வேகத்தைக் குறைப்பது எளிது. குறைத்த வேகத்தைச் சுமையின்போதும் நிலையாக வைத்திருப்பதுதான் கடினம். மரவேலைக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது திறமையே. அதைத் தராத எந்த ஏற்பாட்டையும் மிகக் குறுகிய எல்லைக்குள்தான் நம்பலாம். அதோடு, வேகத்தைக் குறைத்தால் தீரும் என்று நாம் நினைக்கும் தொல்லைகளில் பலவற்றைப் பிட்டை மாற்றியும், கை நகர்த்தும் விதத்தை மாற்றியும் தீர்த்துவிடலாம்.

ஏன் ஒரே வேகம்?

தயாரிப்பாளர்கள் செலவை மிச்சம் பிடிக்க மட்டும் இப்படிச் செய்யவில்லை. டிரிம்மர் சன்மைக்கா போன்ற லேமினேட் ஓரத்தைச் சீவுவதற்கென்றே பிறந்த கருவி. அந்த வேலைக்கான பிட்கள் மெலிந்தவை. மரத்தை வெட்டுவது பிட்டின் விளிம்பு. அந்த விளிம்பின் வேகம் விட்டத்தையும் சுற்றையும் பொறுத்தது. 6 மி.மீ. பிட் 30,000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 9.4 மீட்டர்தான். 12 மி.மீ. பிட்டுக்கு அது சுமார் 19 மீட்டர். இந்த அளவுகளில் சுற்று குறைந்தால் வெட்டு சொரசொரப்பாகும், லேமினேட் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். மெலிந்த பிட்டுக்கு இந்த வேகம் பொருத்தமானதுதான்.

விட்டம் கூடும்போது கதை மாறுகிறது. 25 மி.மீ. பிட் அதே 30,000 சுற்றில் நொடிக்கு 39 மீட்டரைத் தொடும். 50 மி.மீ. பிட்டானால் 78 மீட்டரைத் தாண்டும். பெரிய ரௌட்டர்களில் 25 மி.மீ. வரையுள்ள பிட்களுக்கு 24,000 சுற்று வரையிலும், 50 மி.மீ. வரை 18,000 வரையிலும், அதற்கு மேல் இன்னும் குறைவாகவும் வைப்பது பொதுவான வழக்கம். பெரிய ரௌட்டர்களில் வேகக் குமிழ் இருப்பதற்குக் காரணமே இதுதான். டிரிம்மர் அந்தப் பிட்களுக்காகச் செய்யப்பட்டதல்ல.

வேகம் தொல்லை தரும் இடங்கள்

முதல் தொல்லை கருகல். தேக்குச் சட்டத்தின் மேல் விளிம்பில் ரவுண்ட் ஓவர் பிட் சீராகப் போய்க்கொண்டிருக்கும். மூலை வந்ததும் திரும்புவதற்காகக் கை ஒரு கணம் தயங்கும். பிட் தயங்குவதில்லை. 30,000 சுற்றில் ஓடும் இரண்டு பல் பிட் நொடிக்கு ஆயிரம் முறை அதே இடத்தைத் தேய்க்கும். கையை எடுத்துப் பார்த்தால் மூலையில் பழுப்பு நிறப் பட்டை விழுந்திருக்கும். அதை உப்புத்தாளால் போக்குவதற்குள் விளிம்பின் வளைவே மாறிவிடும்.

இரண்டாவது தொல்லை உருகல். அக்ரிலிக்கில் சில்லு சிறுத்தால் வெட்டும் சூடு சில்லோடு வெளியேறாமல் பலகையிலேயே தங்கிவிடும். அக்ரிலிக் இளகிப் பிட்டில் ஒட்டும். மூன்றாவது, அலுமினியம். பல் உலோகத்தைக் கடிக்காமல் உரசினால் முனை சீக்கிரம் மழுங்கும், சில்லு பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும்.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: ஒரு பல் ஒரு சுற்றில் எவ்வளவு தடிமனாகச் சீவுகிறது? எந்திரத்தை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 30,000 சுற்று, இரண்டு பல் என்றால் ஒவ்வொரு பல்லும் 0.05 மி.மீ. சீவும். சுற்றை 15,000 ஆக்கினால் அது 0.1 மி.மீ. ஆகும். தடித்த சில்லு சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகும். வேகக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான்.

இதே கணக்கில் இன்னொரு வழியும் இருக்கிறது. சுற்றை 30,000 ஆகவே விட்டுவிட்டு, இரண்டு பல் பிட்டுக்குப் பதில் ஒற்றைப் பல் பிட் போட்டாலும் 0.1 மி.மீ.தான் வரும். எந்திரத்தில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் வேகத்தைப் பாதியாக்கிய பலன் கிடைத்துவிடுகிறது. அக்ரிலிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஒற்றைப் பல் பிட்களைப் பரிந்துரைப்பதன் காரணங்களில் இது முக்கியமானது.

மோட்டாரின் குணம்

எந்த வழி சரி என்று தீர்மானிக்க, உள்ளே இருக்கும் மோட்டாரைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரிம்மரில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஃபீல்ட் காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும், கம்யூட்டேட்டரில் கார்பன் உரசும். ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும். அதன் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்ததல்ல. தரப்படும் மின்னழுத்தத்தையும் தலையில் ஏறும் சுமையையும் பொறுத்தது.

வீட்டு மிக்ஸியிலும் இதே வகை மோட்டார்தான். காலி ஜாரில் கிறீச்சிடும் மிக்ஸி, மாவைப் போட்டதும் குரல் தாழ்ந்து திணறுவதை எல்லோரும் கேட்டிருப்போம். சுமை ஏறினால் யுனிவர்சல் மோட்டார் வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைத் தரும். சுமை இறங்கினால் மறுபடி சீறும். முழு மின்னழுத்தத்தில் ஓடும் டிரிம்மருக்கு 30,000 சுற்று கையிருப்பில் இருப்பதால் இந்த இறக்கத்தை அது தாங்கிக்கொள்கிறது. மின்னழுத்தத்தைக் குறைத்து, சுமையில்லாமல் 15,000 சுற்றில் ஓட வைத்தால் அந்தக் கையிருப்பு போய்விடும். பிட் மரத்தைக் கடித்ததும் வேகம் சரியும். மேலும் அழுத்தினால் நின்றேவிடும். சரிவைச் சமாளிக்கக் குமிழைத் திருகி ஏற்றினால், பிட் மரத்தை விட்டு வெளியே வரும் கணத்தில் எந்திரம் பாயும்.

வெறுமனே மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்லா முறைகளுக்கும் பொதுவான குறை இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பொருந்தாத வழிகள்

சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் பலருக்கு முதலில் தோன்றும் வழி. சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். டிரிம்மர் அதைப் போல ஏழு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஃபேன் ரெகுலேட்டர் அந்தச் சுமைக்கு வடிவமைக்கப்பட்டதல்ல. படிப்படியாகத் திருகும் வகையில் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களும் ஃபேன் மோட்டாருக்கென்றே கணக்கிடப்பட்டவை. தையல் எந்திரத்தின் கால் மிதி ரெகுலேட்டருக்கும் இதே பதில்தான்.

விஎஃப்டி பற்றியும் கேட்பதுண்டு. அது அதிர்வெண்ணை மாற்றும் கருவி, மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு உரியது. சிஎன்சி ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடுவது அதனால்தான். யுனிவர்சல் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்படாது. ஆகவே அது இங்கே உதவாது.

ஃபீல்ட் காயிலில் இடையிடையே முனை எடுத்து வேகத்தை மாற்றுவது மிக்ஸியில் உள்ள முறை. மூன்று வேக சுவிட்ச் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. டிரிம்மரில் இதைச் செய்ய ஃபீல்டைப் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்தச் சிறிய உடலுக்குள் கூடுதல் சுற்றுகளுக்கு இடமில்லை. கைதேர்ந்த வைண்டிங் கடைக்காரருக்கும் இது பயனில்லாத வேலை.

டிம்மர்ஸ்டாட்

மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழிகளில் மிகத் தூய்மையானது டிம்மர்ஸ்டாட் என்று நம் ஊரில் வழங்கும் வேரியாக். அது 230 வோல்ட்டை அலை வடிவம் கெடாமல் இறக்கித் தருகிறது. மோட்டார் அதில் அமைதியாக ஓடும், கார்பனில் தேவையற்ற பொறி பறக்காது. 530 வாட் டிரிம்மர் முழுச் சுமையில் சுமார் 2.3 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைவிடப் பன்மடங்கு இழுக்கும். ஆகவே 4 ஆம்பியருக்குக் குறைந்த டிம்மர்ஸ்டாட் கூடாது.

கனமும் விலையும் அதன் குறைகள். ஏற்கெனவே பட்டறையில் ஒன்று இருந்தால் சோதித்துப் பார்க்கத் தகுந்த கருவி. ஆனால் சுமையில் வேகம் சரியும் குறை இதிலும் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: டிம்மர்ஸ்டாட் மின்னிணைப்பைப் பிரிப்பதில்லை. வெளிவரும் கம்பியில் 60 வோல்ட் என்று முள் காட்டினாலும், அதைத் தொடுவது நேரடி இணைப்பைத் தொடுவதாகவே முடியலாம்.

டிரையாக் ரெகுலேட்டர்

சந்தையில் மலிவாகக் கிடைப்பவை எல்லாம் இந்த வகை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லி விநாடி நீளம். டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் அந்த அரை அலையின் தொடக்கப் பகுதியை அடைத்துவிட்டு மீதியை மட்டும் மோட்டாருக்கு அனுப்பும். சரி பாதியில் திறந்தால் பயனுறு மின்னழுத்தம் 230இலிருந்து சுமார் 163 வோல்ட்டாகக் குறையும். திறக்கும் நேரத்தைக் குமிழ் நிர்ணயிக்கும். அந்த நேரம் வந்ததும் ஒரு டயாக் டிரையாக்கைத் தட்டிவிடும். விளக்கை மங்கச் செய்யும் டிம்மரும் இதே சர்க்யூட்தான். ஆனால் மோட்டார் என்பது காயில். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். அதனால் டிரையாக் அடைபட வேண்டிய நேரத்தில் அடைபடாமல் தடுமாறலாம். அதைத் தடுக்க 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் தேவை. மலிவுப் பலகைகள் சிலவற்றில் அது இருப்பதில்லை.

இந்தப் பலகைகளில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே 2000 வாட், 4000 வாட் என்று எழுதியிருக்கும். அந்த எண் டிரையாக்கின் உச்ச அளவிலிருந்து எடுக்கப்பட்டது. அதோடு வரும் சிறிய அலுமினியத் துண்டு அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. 2.3 ஆம்பியருக்கு டிரையாக்கில் 3 வாட் அளவே வெப்பம் பிறக்கும், அதை அந்தத் துண்டு சமாளித்துக்கொள்ளும். ஆகவே டிரிம்மருக்குத் திறன் பிரச்சினை இல்லை. பிரச்சினை பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஈயம் வைத்த முனைகள் எல்லாவற்றிலும் 230 வோல்ட் திறந்தபடி நிற்கும். குமிழும் அதே மின்சாரத்தில்தான் இருக்கும், ஆகவே பிளாஸ்டிக் தண்டுள்ள குமிழே தேவை. டிரையாக்கின் எண்ணையும் படியுங்கள். பிடிஏ 16 என்றால் அதன் உலோக முதுகு உள்ளேயே காப்பிடப்பட்டிருக்கும். பிடி 136 போன்றவற்றில் முதுகிலேயே மின்சாரம் இருக்கும். அதை உலோகப் பெட்டியில் நேரடியாகத் திருகினால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும்.

சரியாகப் பெட்டியிட்டு, ஃபியூஸ் சேர்த்து, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குப் பின்னால் இணைத்தால், இது இலேசான வேலைகளுக்குப் பயன்படும். 30,000 சுற்றை 22,000 அல்லது 20,000க்கு இறக்கி, மெல்லிய வெட்டில் அக்ரிலிக் ஓரம் சீவலாம். 12,000 சுற்றில் தேக்கில் பள்ளம் எடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மோட்டார் உறுமும், கை அழுத்தத்துக்குத் தக்கபடி வேகம் ஏறி இறங்கும், வெட்டில் அலை அலையாகத் தழும்பு விழும்.

டிசி முறை

ஏசியை டிசியாக்கி, அதைப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குத் தருவது மற்றொரு முறை. யுனிவர்சல் மோட்டார் டிசியில் சீராக ஓடும், முணுமுணுப்பு குறையும். ஆனால் 230 வோல்ட் ஏசியைச் சீராக்கிக் கெபாசிட்டரில் தேக்கினால் 325 வோல்ட் டிசி ஆகிவிடும். கட்டுப்பாடு தவறினால் மோட்டார் அதன் முழு வேகத்தையும் தாண்டிப் பாயும். மேலும் டிரிம்மரின் சுவிட்ச் ஏசிக்காகச் செய்யப்பட்டது. ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது, சுவிட்ச் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். மின்னணுவியலில் தேர்ந்தவர் அல்லாதவர் இந்த வழியில் இறங்கக் கூடாது.

வேகத்தை அறிந்து திருத்தும் முறை

மோட்டாரின் உண்மையான வேகத்தைக் கவனித்து, அது சரிந்த கணத்திலேயே டிரையாக்கை முன்னதாகத் திறந்து இழுவையைக் கூட்டுவதுதான் முறையான தீர்வு. இதில் இரண்டு நிலைகள் உண்டு. யு2008பி போன்ற ஐசி சில்லுகள் மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்துச் சுமையை ஊகிக்கும். சுமை கூடினால் மின்னழுத்தத்தைக் கூட்டும். வேகம் துல்லியமாக நிற்காவிட்டாலும் சரிவு வெகுவாகக் குறையும். டிடிஏ1085 போன்றவை சுழலும் தண்டிலிருந்து வரும் சமிக்ஞையை எண்ணி வேகத்தை நேரடியாக அறிபவை. துணி துவைக்கும் எந்திரங்களில் பரவலாகப் பயன்பட்ட சில்லு இது. அங்கே மோட்டாரின் பின்பக்கமே ஒரு சிறு டாக்கோ காயில் பொருத்தியிருப்பார்கள். டிரிம்மரில் அது கிடையாது. தண்டில் கறுப்பு வெள்ளைக் குறியிட்டு ஒளி உணர்வியால் படிக்க வேண்டும், அல்லது சிறு காந்தம் ஒட்டி ஹால் உணர்வியால் எண்ண வேண்டும். 30,000 சுற்றில் ஓடும் தண்டில் எதை ஒட்டினாலும் அது பறக்காமல் இருக்க வேண்டும், சமநிலையும் கெடக் கூடாது. தூசியும் ஒளி உணர்வியின் கண்ணை மறைக்கும்.

சிஎன்சி மேசையில் டிரிம்மரைப் பூட்டியிருப்பவருக்கு இந்த உழைப்பு தகும். எந்திரம் ஓரிடத்தில் நிலையாகப் பூட்டியிருக்கும், உணர்வியைத் தாங்கியிலேயே பொருத்தலாம். அங்கே தேவையும் கடுமையானது. கணினி ஒரே சீராக நகர்த்திக்கொண்டே போகும், வேகம் சரிந்தால் கையைப் போல நின்று யோசிக்காது, பிட்டை ஒடித்துவிடும். கையில் பிடித்து ஓட்டுபவருக்கு இவ்வளவு ஏற்பாடு மிகை.

வேகக் குமிழ் உள்ள மாதிரியின் மின்னணுப் பலகையை உதிரிப் பாகமாக வாங்கி ஒரே வேக மாதிரிக்குள் பொருத்தலாமா? உடலின் அச்சு வேறு, காற்றோட்டப் பாதை வேறு, உணர்வியின் இடம் வேறு. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த டிரிம்மர்கள் இரட்டைக் காப்பு உள்ளவை, அவற்றுக்கு எர்த் கம்பி இல்லை. உடலைத் துளைத்துக் குமிழ் வைத்தால் அந்தக் காப்பு போய்விடும். உத்தரவாதமும் போகும். இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெப்பம் என்ற மறைவான செலவு

டிரிம்மரைக் குளிர்விக்கும் விசிறி ஆர்மேச்சர் தண்டிலேயே இருக்கிறது. சுற்று பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். அதே சமயம், அதே இழுவைக்கு மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் குறையாது. காயிலில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். வெப்பம் குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் காயிலின் வார்னிஷ் கருகத் தொடங்கும். மெதுவாக ஓடுவதால் எந்திரம் நீடித்து உழைக்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. குறைந்த வேகத்தில் வேலை செய்தால் இடையிடையே பிட்டை மரத்திலிருந்து விலக்கி, முழு வேகத்தில் சிறிது நேரம் காலியாக ஓட விட வேண்டும். காயில் சூடேறும் வாடை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும்.

ஒரு விதி, விலக்கில்லாதது

டிரையாக் பழுதானால் பெரும்பாலும் திறந்து நிற்காது, ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆன டிரையாக் என்பது நேரடிக் கம்பிக்குச் சமம். 12,000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எந்திரம் ஒரு கணத்தில் 30,000க்குத் தாவும். அப்போது காலெட்டில் 18,000 சுற்று என்று வரம்பு பொறித்த பிட் இருந்தால் என்ன ஆகும்? சமநிலை தவறிய பிட்டின் உதறல் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 12,000இலிருந்து 30,000 என்பது இரண்டரை மடங்கு வேகம், ஆறே கால் மடங்கு விசை. 6 மி.மீ. தண்டு அதில் வளையலாம், ஒடியலாம். பறக்கும் துண்டு முகத்தை நோக்கி வரலாம்.

ஆகவே, வெளியே சேர்த்த ரெகுலேட்டரை நம்பி, எந்திரத்தின் முழு வேகத்தைத் தாங்காத பிட்டை ஒருபோதும் மாட்டக் கூடாது. தரமான பிட்டின் தண்டில் அதிகபட்ச வேகம் பொறித்திருக்கும். அது எந்திரத்தின் முழு வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பிட் இந்த டிரிம்மருக்கு உரியதல்ல. பெரிய பிட் போடத்தான் ரெகுலேட்டர் வேண்டும் என்பவருக்கு என் பதில் இதுதான். வேகத்தைக் குறைத்தாலும் டிரிம்மருக்கு அந்தப் பிட்டை இழுக்கும் திறன் இல்லை, மெல்லிய தண்டுக்கும் அதைத் தாங்கும் வலு இல்லை.

மென்தொடக்கமோ வேகக் குமிழோ உள்ளேயே கொண்ட எந்திரத்துக்கு வெளி ரெகுலேட்டர் போடவே கூடாது. இரண்டு மின்னணுக் கட்டுப்பாடுகள் ஒன்றோடொன்று முட்டி, உள்ளிருப்பது எரிந்துபோகலாம்.

அளந்து பார்த்தே நம்புங்கள்

எந்த ஏற்பாடு செய்தாலும் குமிழின் கோட்டைப் பார்த்து வேகத்தை ஊகிக்க முடியாது. பிட்டைக் கழற்றிவிட்டு, காலெட் நட்டின் ஒரு முகத்தில் ஒளி திருப்பும் நாடாவைச் சிறு துண்டாக ஒட்டி, லேசர் டாக்கோமீட்டரால் காலி வேகத்தை அளக்கலாம். குறைந்த வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அளந்து முடித்ததும் நாடாவை உரித்தெடுத்துவிட வேண்டும். சுமை வேகத்தைக் காது சொல்லும். காலி ஓட்டத்தின் சுருதிக்கும் வெட்டும்போது கேட்கும் சுருதிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த நிலையில் அந்த வேலை கூடாது என்று பொருள்.

எப்போது எதை?

கருகல்தான் தொல்லை என்றால் முதலில் புதிய, கூரான பிட் போடுங்கள். பேரிங்கில் ஒட்டிய பிசினைத் துடையுங்கள். ஒரே தடவையில் முழு ஆழம் எடுக்காமல், கடைசி வெட்டுக்கு அரை மி.மீ. மட்டும் விட்டு, அதை நிற்காமல் ஒரே இழுப்பில் முடியுங்கள். அக்ரிலிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஒற்றைப் பல் பிட் போட்டுப் பாருங்கள். ரெகுலேட்டர் தேவை என்று வருபவர்களில் பெரும்பாலோரின் தேவை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குப் பிறகும் சற்றே குறைந்த வேகம் வேண்டும், வெட்டும் இலேசானது என்றால், பாதுகாப்பாகப் பெட்டியிட்ட டிரையாக் ரெகுலேட்டரோ பட்டறையில் இருக்கும் டிம்மர்ஸ்டாட்டோ போதும். முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. சிஎன்சி மேசையில் ஒரே வேக டிரிம்மரைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் வேகத்தை எண்ணித் திருத்தும் முறையில் நேரம் செலவிடுங்கள்.

நாள்தோறும் குறைந்த வேகத்தில் நிஜமான வேலை செய்ய வேண்டியவர் வேகக் குமிழுடன் பிறந்த எந்திரத்தை வாங்குவதே சரி. மகிட்டா ஆர்டி0700 10,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும். டிவால்ட் டிடபிள்யூபி611 16,000 முதல் 27,000 வரை ஓடும். இவற்றில் சுமையின்போது வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கிறது. விசிறியும் காற்றுப் பாதையும் காப்பும் அந்தக் குறைந்த வேகத்தைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டவை. விலை வித்தியாசத்தில் நாம் வாங்குவது இவை அனைத்தையும்தான். பழைய ஒரே வேக டிரிம்மர் அதனால் வீணாகிவிடாது. மெலிந்த பிட், லேமினேட் ஓரம், முழு வேகம் என்ற அதன் சொந்த வேலையில் அது இன்றும் முதல்தரமான கருவி. அந்த வேலைக்கு அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.